மாடிக்கு அனுமதி இல்லை

மெம்ஃபிஸ் நகரின் தெற்கே, 3764, எல்விஸ் பிரெஸ்லி சாலை. முன்கதவைத் தாண்டியதும் நேர் எதிரே மாடிப்படி தெரியும். வலது பக்கம் வரவேற்பறை, அதில் பதினைந்து அடி நீள வெள்ளை சோஃபா, அதற்கு அப்பால் கண்ணாடியில் தீட்டிய மயில்கள். இடது பக்கம் சாப்பாட்டு அறை. கொஞ்சம் உள்ளே போனால் கீழ்த்தளத்துக்கு இறங்கும் இன்னொரு படி. அங்கே ஒரே சுவரில் மூன்று தொலைக்காட்சிகள். கீழே போகும் படியில் எல்லோரும் இறங்கலாம். மேலே போகும் படியில் யாரும் ஏற முடியாது.

1982 ஜூன் 7 அன்று கிரேஸ்லேண்ட் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு ஆறு லட்சம் பேர் வரை வந்து போகும் வீடு. அமெரிக்காவில் வெள்ளை மாளிகைக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் பார்க்கும் வீடு இதுதான் என்று சொல்வார்கள். (வெள்ளை மாளிகையிலும் அதிபரின் குடும்பம் வசிக்கும் மாடி சுற்றுலாவில் சேராது.) வருகிற ஒவ்வொருவரும் அந்தப் படியின் அடியில் ஒரு நிமிடமாவது நின்று மேலே பார்க்கிறார்கள். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்க்கிறார்கள்.

மேலே என்ன இருக்கிறது என்பது ரகசியம் இல்லை. எல்விஸின் படுக்கையறை, குளியலறை, உடைமாற்றும் அறை, அலுவலக அறை, அவர் மகள் லிசா மேரியின் அறை. அவ்வளவுதான். அதற்குள் போனவர்கள் எழுதிய புத்தகங்கள் உண்டு. பிரிசில்லா 1985-இல் எழுதிய தன்வரலாறு உண்டு, அதிலிருந்து 2023-இல் எடுக்கப்பட்ட சினிமாவும் உண்டு. தகவல் வேண்டுமென்றால் கொட்டிக் கிடக்கிறது. இல்லாதது ஒன்றுதான், நாம் அங்கே போய் நிற்பது.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கோப்பைத் திறக்கப் போய் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று யோசிக்க மாட்டோம். இதற்கு உரிமையாளர் யார், அனுமதியை யார் எப்போது மாற்றினார்கள் என்றுதான் முதலில் பார்ப்போம். கிரேஸ்லேண்டின் மாடியையும் அப்படிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அந்தக் கதவு யார் யாருக்கு, எப்போது, எதற்காக மூடப்பட்டது? இப்படிக் கேட்க ஆரம்பித்தால் அது படுக்கையறைக் கதையாக இல்லாமல், ஒரு குடும்பம் எதை விற்றது, எதை விற்கவில்லை என்ற கதையாக ஆகிவிடுகிறது.

*

எல்விஸ் பிறந்தது 1935 ஜனவரி 8 அன்று, மிசிசிப்பி மாநிலத்தின் டுப்பெலோவில், இரண்டே அறைகள் கொண்ட வீட்டில். அப்பா வெர்னன் 180 டாலர் கடன் வாங்கிக் கட்டிய வீடு அது. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று, ஜெஸ்ஸி, இறந்தே பிறந்தது. முன்னறையில் கட்டில், பின்னறையில் அடுப்பு. அந்த வீட்டில் ‘தனி அறை’ என்ற சொல்லுக்கே வேலை இல்லை. கொஞ்ச காலத்தில் அந்த வீடும் கைவிட்டுப் போனது. பிறகு மெம்ஃபிஸுக்கு வந்து, ஏழைகளுக்கான அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் சில வருடம்.

இருபத்திரண்டு வயதில், 1957 மார்ச்சில், அதே பையன் 1,02,500 டாலருக்கு கிரேஸ்லேண்டை வாங்கினான். வீட்டைக் கட்டியது டாக்டர் தாமஸ் மூரும் அவர் மனைவி ரூத்தும், 1939-இல். நிலத்துக்கு அந்தப் பெயர் வந்தது ரூத்தின் உறவினரான கிரேஸ் டூஃப் என்ற பெண்மணியால். ஆக, பெயரில் தெய்வ அருள் ஒன்றும் இல்லை, யாரோ ஒரு வீட்டுப் பெண்ணின் பெயர்தான். சுற்றிலும் பதினான்கு ஏக்கருக்குச் சற்றே குறைவான நிலம். அப்போது அது ஊருக்கு வெளியே.

இதற்கு முன் எல்விஸ் மெம்ஃபிஸில் ஆடுபன் டிரைவ் என்ற தெருவில் ஒரு சாதாரண வீடு வாங்கியிருந்தார். ரசிகர்கள் தெருவை அடைத்து நின்றதில் அக்கம்பக்கத்தார் நொந்துபோனார்கள். கிரேஸ்லேண்டை வாங்கியதன் முக்கியமான காரணமே தூரம்தான். வாங்கிய உடனே செய்த வேலைகளில் ஒன்று, கல் மதில் எழுப்பி, இசைக்குறிகள் பொறித்த இரும்புக் கதவைப் போட்டது. வாசலில் காவலுக்கு நின்றது வேறு யாருமில்லை, பெரியப்பா வெஸ்டர் பிரெஸ்லி.

இந்த வீட்டில் அப்பா, அம்மா, அப்பத்தா மின்னி மே எல்லோரும் சேர்ந்தே இருந்தார்கள். அம்மா கிளாடிஸ் பின்பக்கம் கோழி வளர்த்தார். பணம் வந்ததும் பிள்ளை தனிக்குடித்தனம் போகவில்லை, மொத்தக் குடும்பத்தையும் உள்ளே கூட்டி வந்துவிட்டான். அதோடு நண்பர்கள், உறவுக்காரப் பையன்கள், மெய்க்காவலர்கள், சம்பளம் வாங்கிக்கொண்டு கூடவே இருந்தவர்கள். பத்திரிகைகள் இந்தக் கூட்டத்துக்கு ‘மெம்ஃபிஸ் மாஃபியா’ என்று பெயர் வைத்தன. ராத்திரி பகல் இல்லாமல் கீழ்த்தளம் எப்போதும் நிறைந்திருக்கும்.

அதனால்தான் மாடி. நம்மூர் கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வீடு நிறைய ஆள் இருக்கும்போது ‘மேலே போறேன்’ என்று ஒருவர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். எல்விஸ் பகலில் தூங்கி மாலையில் எழுகிறவர். கீழே விருந்தினர்கள் காத்திருப்பார்கள், அவராக இறங்கி வருவார். கூப்பிடாமல் யாரும் மேலே போவதில்லை. இன்றைக்கு சுற்றுலாவில் சொல்லப்படும் காரணமும் இதுதான்: அவர் இருந்தபோதே விருந்தினர்கள் மாடிக்குப் போனதில்லை, அதனால் நீங்களும் போக வேண்டாம்.

அழகான காரணம். முக்கால்வாசி உண்மையும் கூட. ஆனால் முழுக் கதை அதில் இல்லை.

*

1976 ஏப்ரலில் ஒரு நள்ளிரவு. மெம்ஃபிஸில் கச்சேரி முடித்த ஒரு இருபத்தாறு வயதுப் பாடகர் டாக்ஸி பிடித்து கிரேஸ்லேண்ட் வாசலுக்கு வந்தார். மாடியில் விளக்கு எரிவது தெரிந்ததும் மதிலேறிக் குதித்து முன்கதவை நோக்கி ஓடினார். காவலர்கள் மறித்தார்கள். தன் முகம் ‘டைம்’, ‘நியூஸ்வீக்’ இரண்டு பத்திரிகைகளின் அட்டையிலும் வந்திருக்கிறது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார், பருப்பு வேகவில்லை. மரியாதையாக வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். எல்விஸ் அன்றைக்கு வீட்டிலேயே இல்லை, லேக் டாஹோவில் இருந்தார். ஸ்பிரிங்ஸ்டீன் இதைப் பல மேடைகளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

சிரிப்பதற்கு அதில் நிறைய இருக்கிறது. ஆனால் அந்த வருடத்து எல்விஸை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும். வெளியே போய்ப் பதிவு செய்ய அவருக்கு மனம் இல்லாததால், ஆர்சிஏ நிறுவனம் ஒலிப்பதிவுக் கருவிகளை வண்டியில் ஏற்றி கிரேஸ்லேண்டுக்கே அனுப்பியது. பிப்ரவரியிலும் அக்டோபரிலும் பின்கட்டு அறையில், ‘ஜங்கிள் ரூம்’ என்று இன்று சொல்லப்படும் அதே இடத்தில், பாட்டுகள் பதிவாயின. தரையில் இருக்கிற பச்சைக் கம்பளம் அந்த அறையின் மேற்கூரையிலும் ஒட்டப்பட்டிருக்கும். உலகமே அவரைத் தேடி வீட்டுக்கு வந்தது. அவரோ வீட்டுக்குள்ளேயே மாடிக்கும் கீழுக்குமாகச் சுருங்கிக்கொண்டிருந்தார். படுக்கையறை ஜன்னல்களில் வெளிச்சம் வராமல் அடைப்பு. உள்ளே எப்போதும் குளிர்.

அதே 1976-இல் வெர்னன் மூன்று மெய்க்காவலர்களை வேலையை விட்டு நிறுத்தினார். ரெட் வெஸ்ட், சானி வெஸ்ட், டேவ் ஹெப்ளர். ரெட் வெஸ்ட் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கூட இருந்தவர். மூவரும் சேர்ந்து ஒரு பத்திரிகையாளரின் உதவியோடு புத்தகம் எழுதினார்கள். மாத்திரைகள், துப்பாக்கிகள், கோபங்கள் என மாடியில் நடந்ததெல்லாம் அச்சுக்கு வந்தது. வெளியான நேரம் 1977 ஆகஸ்ட் தொடக்கம். அவரை எச்சரிக்கத்தான் எழுதினோம் என்று அவர்கள் பின்னால் சொன்னார்கள். காசுக்காக என்று மற்றவர்கள் சொன்னார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். எப்படியோ, மாடியின் கதவு முதன்முதலாக உலகத்துக்குத் திறந்தது அந்தப் புத்தகத்தில்தான். அது திறந்தது எல்விஸின் அனுமதியோடு அல்ல.

இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 16. அன்றிரவு விமானம் ஏறி, மறுநாள் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லண்டில் கச்சேரி செய்வதாக ஏற்பாடு. விடியற்காலையில் வீட்டுப் பின்னால் இருக்கும் ஆட்டக்கூடத்தில் கொஞ்சம் விளையாடிவிட்டு, பியானோவில் உட்கார்ந்து சில பாட்டுகள் பாடினார். பிறகு மாடிக்குப் போனார். தூக்கம் வரவில்லை, படிக்கப் போகிறேன் என்று குளியலறைக்குள் போனவரை, பிற்பகலில் தரையில் விழுந்த நிலையில் பார்த்தது காதலி ஜிஞ்சர் ஆல்டன். மருத்துவமனையில் 3.30 மணிக்கு இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். வயது 42. அப்போது வீட்டில் ஒன்பது வயது லிசா மேரியும் இருந்தாள்.

இந்தக் கடைசி வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாடியைப் பற்றிய எல்லாப் பேச்சிலும் அது ஒரு பாடகன் செத்துப்போன இடம் என்றே வருகிறது. அது ஒரு குழந்தையின் அறையும் இருக்கும் தளம் என்பது பின்னால் போய்விடுகிறது.

*

மறுநாள் வெர்னன் வெளிக்கதவைத் திறந்துவிடச் சொன்னார். சவப்பெட்டி முன்கூடத்தில், மாடிப்படிக்குப் பக்கத்தில். ஆயிரக்கணக்கானோர் வரிசையில் வந்து பார்த்துப் போனார்கள். அன்றைக்கும் பொதுமக்கள் வர முடிந்த கடைசி எல்லை அந்தப் படியின் அடிதான்.

மரியாதைக்காகத் திறந்த கதவு அது. என்ன நடந்தது? சவப்பெட்டியில் இருக்கும் எல்விஸின் முகத்தை யாரோ படம் பிடித்தார்கள். ‘நேஷனல் என்கொயரர்’ செப்டம்பரில் அதை அட்டையிலேயே போட்டது. அந்த இதழ் அறுபது லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றதாகச் சொல்வார்கள். படம் பிடித்தது சொந்தக்காரர் ஒருவரே என்று பிறகு பேச்சு வந்தது. ஆகஸ்ட் கடைசியில் ஃபாரஸ்ட் ஹில் கல்லறையிலிருந்து உடலைத் திருடப் பார்த்ததாகச் சிலர் பிடிபட்டார்கள். அக்டோபரில் எல்விஸின் உடலையும், 1958-இல் இறந்த அவர் அம்மாவின் உடலையும் வீட்டுத் தோட்டத்துக்கே கொண்டுவந்து புதைத்தார் வெர்னன். செத்த பிறகும் மதிலுக்குள்தான் பாதுகாப்பு.

இன்னொரு மூடிய அறையும் உண்டு, அது காகிதத்தில் இருப்பது. பிரேதப் பரிசோதனை குடும்பத்தின் சம்மதத்தோடு நடந்தது. அதன் அறிக்கை குடும்பத்துக்குப் போனது. தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று வழக்குப் போட்டும், அது பொது ஆவணம் இல்லை என்று டென்னஸி நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் மருந்துச்சீட்டுகளை மறைக்க முடியவில்லை. 1977-இன் முதல் எட்டு மாதங்களில் மட்டும் அவர் பெயருக்கு எழுதப்பட்ட மாத்திரை, ஊசி எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்துக்கும் மேல். எழுதிய மருத்துவர் ஜார்ஜ் நிக்கோபுலஸ் 1981-இல் குற்றவியல் வழக்கில் விடுவிக்கப்பட்டார். 1995-இல் அவருடைய உரிமம் நிரந்தரமாகப் பறிக்கப்பட்டது.

இங்கேதான் எனக்கு ஒரு சங்கடம். அந்தரங்கம் புனிதமானது, மூடிய கதவை மதிக்க வேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் எல்விஸைக் காப்பாற்றிய அதே கதவுதான் அவரைக் கைவிட்டதும். கூப்பிடாமல் யாரும் மேலே போகக் கூடாது என்ற விதி இருக்கிற வீட்டில், போக வேண்டிய நேரத்திலும் யாரும் போகவில்லை. போனவர்களும் கையில் மாத்திரைப் பொட்டலத்தோடு போனார்கள். கீழே முப்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மேலே ஒரு மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருந்தார். அந்த மாடியை நினைவிடமாக மட்டும் நினைத்தால் இது தெரியாமல் போய்விடும்.

*

சரி, 1982-இல் வீட்டை ஏன் திறந்தார்கள்? புகழுக்காக இல்லை. கையில் காசில்லை.

இது இன்றைக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். எல்விஸின் மேலாளர் ‘கர்னல்’ டாம் பார்க்கர் வருமானத்தில் பாதி வரை எடுத்துக்கொண்டவர். 1973-இல் அதுவரை பதிவான பாட்டுகளின் உரிமைத்தொகையை மொத்தமாக 54 லட்சம் டாலருக்கு ஆர்சிஏவிடம் விற்றுவிட்டார்கள். அதில் பார்க்கருக்குப் பாதி. ஆக, எல்விஸ் இறந்த பிறகு உலகம் முழுக்க அந்தப் பழைய பாட்டுகள் விற்றபோது அதில் குடும்பத்துக்கு வர வேண்டியது முன்பே கைமாறிப் போயிருந்தது. 1979-இல் வெர்னன் போனார். 1980-இல் அப்பத்தா மின்னி மே போனார். மிச்சமிருந்த ஒரே வாரிசு பன்னிரண்டு வயது லிசா மேரி. வீட்டைப் பராமரிக்க மட்டும் வருடத்துக்கு ஐந்து லட்சம் டாலர் வரை ஆனது. அதற்கு மேல் வாரிசு வரி. பார்க்கரின் கணக்கு வழக்கை விசாரிக்க நீதிமன்றமே லிசாவின் சார்பில் ஒரு வழக்கறிஞரை நியமித்தது. அவர் பார்த்துவிட்டுச் சொன்னது சுருக்கமாக இது: இந்த ஒப்பந்தங்கள் நியாயமில்லாதவை.

சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பு, 1973-இலேயே விவாகரத்து ஆகிவிட்ட பிரிசில்லாவின் கைக்கு வந்தது. வீட்டை விற்றுவிடுங்கள் என்பதுதான் அவருக்கு வந்த ஆலோசனை. அவர் ஜாக் சோடன் என்பவரை வேலைக்கு வைத்து, வீட்டை டிக்கெட் போட்டுக் காட்டலாம் என்று முடிவெடுத்தார். போட்ட பணம் சில வாரங்களிலேயே திரும்பி வந்துவிட்டது.

அப்போது எடுத்த முடிவுதான் இது: கீழே எல்லாம் திறக்கலாம், மாடி வேண்டாம்.

அந்தக் கணத்தை யோசித்துப் பாருங்கள். கடனில் இருக்கும் குடும்பம். கையில் இருக்கும் ஒரே சரக்கு ஒரு வீடு. அந்த வீட்டில் ஜனங்கள் அதிகமாகப் பார்க்க ஆசைப்படுவது அந்தக் குளியலறையைத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குத் தனி டிக்கெட் போட்டிருந்தால் அதற்கும் வரிசை நின்றிருக்கும். போடவில்லை.

மாடி மட்டுமல்ல, இன்னொரு அறையும் அப்போது மூடித்தான் இருந்தது: சமையலறை. காரணம் ரொம்ப சாதாரணம். வெர்னனின் தங்கை டெல்டா பிக்ஸ், எல்விஸுக்கு அத்தை, இன்னும் அந்த வீட்டிலேயே குடியிருந்தார். வெளியே பேருந்து பேருந்தாக ஜனங்கள் வந்து இறங்க, உள்ளே ஒரு வயதான பெண்மணி காப்பி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். வீடு அருங்காட்சியகமாகி பதினோரு வருடம் வரைக்கும், 1993-இல் இறக்கும் வரைக்கும், அவர் அங்கேதான் இருந்தார். 1995-இல் சமையலறையையும் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

அத்தையின் சமையலறை திறந்துவிட்டது, மாடி திறக்கவில்லை. ஆள் இருக்கும்வரை மூடி வைப்பது, போன பிறகு திறப்பது என்பதுதான் விதி என்றால், 1977-க்குப் பிறகு மாடியில் யார் இருந்தார்கள்?

*

இந்தக் கேள்வியோடு மற்ற இசைக்கலைஞர்களின் வீடுகளையும் பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது.

லண்டன் புரூக் தெரு 25-ஆம் எண் வீட்டில் ஜார்ஜ் ஃபிரெட்ரிக் ஹாண்டல் 1759-இல் இறந்தார். அவர் படுத்திருந்த அறையை யாரும் போய்ப் பார்க்கலாம். யாருக்கும் கூச்சம் இல்லை. பக்கத்து 23-ஆம் எண்ணின் மேல்தளத்தில் 1968, 69-இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் குடியிருந்தார். பழைய புகைப்படங்களை வைத்து அவர் படுக்கையறையை அப்படியே மறுபடி உருவாக்கி 2016-இல் திறந்தார்கள். அங்கே இருப்பதில் பெரும்பகுதி அவர் தொட்ட பொருட்கள் இல்லை, அவை போன்ற பொருட்கள். அதனாலேயே உறுத்தலும் இல்லை.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் வீடு இன்னொரு கதை. 1943-இல் மனைவி லூசில் பார்த்து வாங்கிய சின்ன செங்கல் வீடு. உலகப் புகழ் வந்த பிறகும், 1971-இல் இறக்கும் வரை அவர் அதே தெருவில்தான் இருந்தார். அங்கே படுக்கையறை, கண்ணாடி பதித்த குளியலறை எல்லாமே திறந்திருக்கின்றன. லூசில் அந்த வீட்டை நகரத்துக்கே எழுதி வைத்தார். அதற்கும் மேலே ஒன்று: ஆம்ஸ்ட்ராங் ஒரு ஒலிநாடாப் பைத்தியம். நண்பர்களோடு அரட்டை, மனைவியோடு பேச்சு, ட்ரம்பெட் பயிற்சி என வீட்டில் நடப்பதையெல்லாம் பதிவு செய்து, டப்பாக்களின் மேல் தானே படங்களை வெட்டி ஒட்டி அடுக்கி வைத்தார். இன்று அந்த அறைகளில் அவர் குரலையே ஒலிக்க விடுகிறார்கள். தன் அந்தரங்கத்திலிருந்து எதைக் கொடுப்பது என்று அவரே முடிவு செய்துவிட்டுப் போனார்.

மினசோட்டாவில் பிரின்ஸின் பெய்ஸ்லி பார்க் இதற்கு நேர் எதிர். 2016 ஏப்ரல் 21 அன்று அங்கிருந்த லிஃப்டில் அவர் இறந்து கிடந்தார். உயில் எழுதவில்லை. அதே வருடம் அக்டோபரிலேயே வீட்டைச் சுற்றுலாவுக்குத் திறந்துவிட்டார்கள். நடத்த வந்தது யார் தெரியுமா? கிரேஸ்லேண்டை நடத்துகிற அதே கூட்டம். கூடவே கிரேஸ்லேண்டின் விதியும் வந்தது: ஸ்டூடியோக்களைப் பார்க்கலாம், அவர் வாழ்ந்த தனி அறைகளைப் பார்க்க முடியாது. மெம்ஃபிஸில் ஒரு குடும்பத்தின் மனக்காயத்திலிருந்து வந்த பழக்கம், மினசோட்டாவுக்குப் போகும்போது தொழில்முறையாக ஆகியிருந்தது.

இதைச் சொல்லாமல் போனால் நேர்மையில்லை. மூடிய கதவு வியாபாரத்துக்கும் நல்லது. எல்லாவற்றையும் காட்டிவிட்டால் ஒருமுறை பார்த்தது போதும். ஒன்றை மறைத்து வைத்தால் பேச்சு ஓயாது. எல்விஸ் சாகவில்லை, மாடியில்தான் இருக்கிறார் என்று நம்பியவர்களுக்கு அந்த மாடிப்படியைவிடப் பெரிய சாட்சி வேறு என்ன வேண்டும்? கிரேஸ்லேண்டின் ஆவணக் காப்பாளர் ஆஞ்ஜி மார்ச்சேஸி பேட்டிகளில் மாடியைப் பற்றிச் சொல்லும் விவரங்களும் அந்த ஆவலைத் தூண்டத்தான் செய்கின்றன. அவர் இப்போதுதான் எழுந்து வெளியே போனது போல இருக்கும், படுக்கை விரித்தே இருக்கிறது, கடைசியாகக் கேட்ட இசைத்தட்டு இன்னும் அதே இடத்தில் இருக்கிறது, புத்தக அலமாரியில் ஒரு தெர்மோகோல் கப் கூட அப்படியே இருக்கிறது. அந்தக் கப்தான் என்னை நிறுத்துகிறது. குடித்துவிட்டுத் தூக்கிப்போட வேண்டிய ஒரு சாமான். நாற்பது வருடத்துக்கு மேலாக அதைத் தூசி தட்டித் தூசி தட்டி அதே இடத்தில் வைக்கிறார்கள். யாருக்காக?

*

லிசா மேரிக்காக என்பதுதான் பதில்.

1993-இல், இருபத்தைந்தாவது வயதில், சொத்து அவர் கைக்கு வந்தது. 2005-இல் எல்விஸ் என்ற பெயரின் வணிக உரிமைகளில் 85 சதவீதத்தை ராபர்ட் சில்லர்மேன் என்ற தொழிலதிபரின் நிறுவனத்துக்கு விற்றார். பெயரை விற்றார், படத்தை விற்றார். கிரேஸ்லேண்ட் வீட்டையும் அப்பாவின் சொந்தப் பொருட்களையும் விற்கவில்லை. அவை அவர் பேரிலேயே இருந்தன. மாடியின் அனுமதியும் அவரிடமே இருந்தது. வாழ்க்கை அவருக்குச் சுலபமாக அமையவில்லை. நான்கு திருமணங்கள், கடன், அப்பாவைத் தின்ற அதே போதையோடு மல்லுக்கட்டு. 2020-இல் மகன் பெஞ்சமினைத் தற்கொலைக்குப் பறிகொடுத்தார்.

அவருடைய மகள், நடிகை ரைலி கியோ, 2023-இல் ‘வேனிட்டி ஃபேர்’ பேட்டியில் சிறுவயது நினைவு ஒன்றைச் சொன்னார். விடுமுறை நாட்களில் குடும்பமாக கிரேஸ்லேண்டுக்குப் போவார்களாம். சுற்றுலா முடிந்த பிறகு வீடு அவர்களுடையது. காலையில் மறுபடி கூட்டம் வர ஆரம்பித்துவிட்டால் கீழே இறங்க முடியாது. மாடியிலேயே மாட்டிக்கொள்வார்கள். காவலர்களிடம் சொல்லிக் காலைச் சாப்பாட்டை மேலே வரவழைத்து, கூட்டம் போகிறவரை ஒளிந்து உட்கார்ந்திருப்பார்களாம்.

இதைப் படித்த பிறகு எனக்கு அந்த மாடிப்படி வேறு மாதிரி ஆகிவிட்டது. கீழே கழுத்தை அண்ணாந்து நிற்கும் கூட்டம், மேலே ஒரு மரணம் உறைந்து கிடப்பதாக நினைத்துக் குரலைத் தாழ்த்துகிறது. மேலே பேரப்பிள்ளைகள் சத்தம் வராமல் சிரித்துக்கொண்டு பன்னும் சாஸேஜும் சாப்பிடுகிறார்கள். அத்தையின் சமையலறைக்கு இருந்த விதியேதான் மாடிக்கும். ஆள் இருந்தது. அதனால் மூடியிருந்தது. சாமியறை மாதிரி நாம் கற்பனை செய்துகொண்ட இடம், அவர்களுக்கு வெறும் மாடி. மகள் அப்பாவின் அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரக்கூடிய இடம், அவ்வளவுதான். செத்த மனிதரின் அந்தரங்கம் என்று நாம் விவாதித்துக்கொண்டிருந்தது, உண்மையில் உயிரோடு இருப்பவர்களின் அந்தரங்கம்.

2023 ஜனவரி 12 அன்று லிசா மேரி இறந்தார், 54 வயதில். மகனுக்குப் பக்கத்தில், அப்பாவும் பாட்டியும் தாத்தாவும் கிடக்கும் அதே தோட்டத்தில் புதைத்தார்கள். அந்தத் தோட்டம் எல்லோருக்கும் திறந்ததுதான், காலை வேளைகளில் காசில்லாமலே போய்ப் பார்க்கலாம். வீடு ரைலியிடம் வந்தது.

2024 மே மாதம் அந்த வீடு கிட்டத்தட்ட ஏலத்துக்கே போனது. லிசா மேரி 38 லட்சம் டாலர் கடன் வாங்கி கிரேஸ்லேண்டை ஈடு வைத்தார், கடனைக் கட்டவில்லை, ஆகவே வீடு ஏலம் என்று ஒரு நிறுவனத்தின் பேரில் அறிவிப்பு வந்தது. கையெழுத்துகள் போலி என்று ரைலி நீதிமன்றம் போனார். மெம்ஃபிஸ் நீதிபதி ஏலத்துக்குத் தடை போட்டார். அப்படி ஒரு நிறுவனமே உண்மையில் கிடையாது என்று பிறகு தெரிந்தது. மிசௌரியைச் சேர்ந்த ஒரு பெண் கைதாகி, 2025-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைத்தண்டனை பெற்றார். மதிலேறிக் குதித்தவர்கள், சவப்பெட்டியைப் படம் எடுத்தவர், கல்லறையைத் தோண்ட வந்தவர்கள் என நீளும் வரிசையில், கடைசியாக வந்தவர் காகிதத்தோடு வந்தார். அந்த ஏலம் நடந்திருந்தால் மாடியின் அனுமதியும் அன்றே வேறு கைக்குப் போயிருக்கும்.

இப்போது மாடியைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர், தாத்தா இறந்து பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்தவர். அந்தத் தெர்மோகோல் கப் அவருக்குத் தாத்தாவின் நினைவு இல்லை. அம்மா அப்படியே இருக்கட்டும் என்று சொன்ன ஒரு பொருள். என்றைக்காவது, ஹாண்டலின் அறை மாதிரி, கிரேஸ்லேண்டின் மாடியும் திறக்கத்தான் போகிறது. அதற்கு ஒரு தலைமுறை ஆகலாம், இரண்டு ஆகலாம். அதுவரை காலையில் கூட்டம் வரும்போது மேலே யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். படியின் அடியில் நின்றுவிட்டு வலது பக்கம் திரும்பி, அந்த வெள்ளை சோஃபாவையும் மயில்களையும் பார்த்துவிட்டுப் போவதில் நமக்கு ஒரு குறையும் இல்லை.